இருநூற்று முப்பத்தொன்றாம் மரம்

மீனவன் மகனுக்குக் கடல் ஒத்துக்கொள்ளாமல் போனால் எப்படி இருக்கும்? ஜூசோவுக்கு அப்படித்தான் ஆனது. அப்பன், சித்தப்பன், அண்ணன்மார் எல்லாரும் கணவாய் பிடிக்கப் போகிறவர்கள். இவன் மட்டும் படகு கழிமுகத்தைத் தாண்டுவதற்குள் குடலே வெளியே வந்துவிடும்படி வாந்தி எடுப்பான். நாற்பது வயது வரை எடுத்துக்கொண்டேதான் போய்வந்தான். தெலுக் சிப்புட் மாதிரி மீன்பிடி ஊரில் வேறு பிழைப்பு ஏது? "மீனுக்குத் தீனி போடற ஒரே மீனவன் நம்ம ஜூசோதான்" என்று கோப்பிக்கடையில் கேலி பேசுவார்கள். அவனும் கூடச் சேர்ந்து சிரிப்பான். சிரித்துவிட்டு மறுநாள் காலை மறுபடி படகில் ஏறுவான். பாவம், எத்தனை வருஷம்!

அதனால் 1991இல் எங்கள் ஓட்டல் வேலை ஊருக்கு வந்து, நிலம் அளக்க நாடா பிடிக்க ஓர் ஆள் வேண்டும் என்று நான் கேட்டதுதான் தாமதம், முதலில் வந்து நின்றவன் அவன்தான். ஆள் குள்ளம். மடித்துக் கட்டிய கைலி, காதில் ஒரு பென்சில். பென்சிலை எங்கிருந்து பிடித்தான் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

"தரையில நிக்கற வேலைதானேண்ணே?"

"ஆமா."

"ஆடாதுல்ல?"

"தரை எப்படிய்யா ஆடும்?"

"அப்ப நான் வந்துட்டேன்னு எழுதிக்குங்க."

நான் தைப்பிங்காரன். பெயர் அங்கமுத்து. கட்டட வேலையில் மேற்பார்வை பார்க்க ஆறு மாதத்துக்கென்று திரெங்கானு மாநிலத்துக்கு வந்தவன், இருபத்தைந்து வருஷமாக இங்கேயேதான் கிடக்கிறேன். இந்த ஊர்க்காரர்களுக்கு அங்கமுத்து என்று முழுசாகச் சொல்லப் பொறுமை இல்லை. "அங்கா அண்ணே" என்று வெட்டிவிட்டார்கள். முதலில் எரிச்சலாக இருந்தது, இப்போது யாராவது முழுப்பெயர் சொல்லிக் கூப்பிட்டால் நான்தான் திரும்பிப் பார்ப்பதில்லை.

ஓட்டல் விஷயத்துக்கு வருகிறேன். முதலாளி கோலாலம்பூர்க்காரர், டத்தோ பட்டம் வாங்கிய பெரிய மனிதர். அவர் மனசில் இருந்தது ஏழு மாடி. கடற்கரையை மழித்து, வரிசையாகச் சன்னல் வைத்து, ஒவ்வொரு சன்னலிலும் ஒரு துண்டு கடல். வரைந்து கொடுக்க வந்தவர் பினாங்குக்காரி மிஸ் கூ. ஒல்லியான பெண்மணி, ஆனால் அழுத்தம் என்றால் அப்படி ஓர் அழுத்தம். "இந்தக் கரையில இருக்கற மரம் ஒண்ணைக்கூட வெட்ட மாட்டேன், எந்தக் கூரையும் மர உச்சிக்கு மேல போகாது, வீடுங்க மரத்துக்கு மரம் நடுவுல ஒதுங்கி நிக்கணும்" என்று டத்தோவின் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார்.

டத்தோ இலேசில் மசியவில்லை. கடைசியில் அவரை மசிய வைத்தது ஒரே ஒரு படம். நடுவில் மாபெரும் புன்னை மரம். அதைக் குதிரைலாடம் மாதிரி சுற்றிக்கொண்டு ஓலைக்கூரை போட்ட முகப்பு மண்டபம். வருகிற விருந்தாளிக்குக் கடல் முதலில் தெரியாது. புன்னை நிழலில் போய் உட்கார்ந்த பிறகுதான் தாழ்ந்த கிளைகளுக்குக் கீழே திறந்துகொள்ளும். அந்தப் படத்தை டத்தோ தன் ஆபீஸ் சுவரில் மாட்டிக்கொண்டாராம். "இந்த மரத்துக்காக ஒத்துக்கிறேன். இது சரியா வரலைன்னா ஏழு மாடிதான், பேச்சே கிடையாது" என்று சொல்லியிருந்தார்.

மிஸ் கூ அந்தப் புன்னையை நேரில் பார்த்ததில்லை. ஒரே ஒரு முறை கொட்டுகிற மழையில் வந்து, கழிமுகப் பக்கம் மட்டும் முழங்கால் தண்ணீரில் நடந்து பார்த்துவிட்டுப் போனவர். மற்றதெல்லாம் மரக்கணக்கை வைத்து வரைந்ததுதான். மரக்கணக்கு எடுத்தது யார்? ஜூசோ.

சும்மா சொல்லக் கூடாது, நல்லாத்தான் எடுத்தான். நில அளவையாளர் கருவியில் கண்ணை வைத்திருக்க, இவன் கோலைப் பிடித்துக்கொண்டு சவுக்கு, தென்னை, நாட்டு வாதுமை என்று ஒவ்வொன்றாகத் தொட்டு, சுற்றளவு எடுத்து, எண் போட்ட தகரவில்லையை ஆணி வைத்து அடித்துக்கொண்டே போனான். இருநூறைத் தாண்டும்போது அளவையாளருக்குக் காய்ச்சல். "மிச்சத்தை நீயே நாடா வெச்சு முடிச்சிடுப்பா" என்று சொல்லி பஸ் ஏறிவிட்டார். ஜூசோ தனியாளாக இருநூற்று முப்பது வரை முடித்தான். மிச்சம் ஒன்றே ஒன்று, ஊரின் பெரிய புன்னை. அன்று பார்த்து வானம் பொத்துக்கொண்டது.

அவன் இறவாரத்துக்குக் கீழே வீட்டுப் படியில் உட்கார்ந்தான். மடியில் நோட்டு. பிறந்ததிலிருந்து பார்க்கிற மரத்தை மழையில் போய் வேறு பார்க்க வேண்டுமா என்று நினைத்தான். கிணற்றிலிருந்து எத்தனை எட்டு, தொழுகை நடக்கிற சுரோவிலிருந்து எத்தனை எட்டு என்பதெல்லாம் அவனுக்கு மனப்பாடம். இரண்டு ஆள் கட்டிப்பிடித்தாலும் ஒரு சாண் மிஞ்சும் என்று சுற்றளவு எழுதினான். கிளைகள் எந்தப் பக்கம் எவ்வளவு தாழ்ந்திருக்கும் என்றுகூடப் படம் போட்டான். 231ஆம் வில்லையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

"நாளைக்கு அடிச்சா போச்சு. அது எங்க ஓடிப்போகப் போகுது?" என்றான் மனைவி சலாமாவிடம்.

நாளைக்கு என்றது மறந்தே போனது.

நான்கு மாதம் கழித்து, முளை ஊன்றுகிற நாள். வரைபடத்தைப் பெட்ரோல் டின் மேல் விரித்து வைத்துக்கொண்டு நான் கயிறு இழுக்கச் சொல்கிறேன். மண்டபத்தின் வளைவு வந்தது. வளைவின் நடுவில் 231. நான் நிமிர்ந்து பார்த்தேன். மணல். கொஞ்சம் அடப்பங்கொடி. அதற்கு அந்தப் பக்கம் கடல்.

"ஜூசோ, புன்னை எங்கய்யா?"

"இதோ" என்று கையை நீட்டினான்.

கையை நீட்டியவன் அப்படியே நின்றான். நீட்டிய கை இறங்கவில்லை. என் வாழ்நாளில் ஒரு மனிதனின் முகம் அப்படி வெளிறிப்போய் நான் பார்த்ததில்லை.

"அண்ணே... அது விழுந்துடுச்சுண்ணே."

"எப்ப?"

"மூணு வருஷம் முன்னாடி. மழைக்காலத்துல. கடல் வேரைத் தின்னுடுச்சு."

"மூணு வருஷமா! தினம் இந்த வழியாத்தானய்யா வேலைக்கு வர்ற?"

"அல்லாமேல சத்தியமாண்ணே, நான் தினம் பாத்தேன். நேத்துகூட பாத்தேன்."

அவன் பொய் சொல்லவில்லை, அதுதான் கொடுமை. எனக்கு வந்த கோபத்துக்கு அவனைத் தூக்கிக் கடலில் போட்டிருப்பேன். போட்டால் வாந்தி எடுப்பான் என்று விட்டேன். ஆனால் நியாயமாகச் சொன்னால் எனக்கும் பங்கு உண்டு. அந்த ஊருக்கு வந்த முதல் நாளிலிருந்து "புன்னையடியில் லோரியை நிறுத்து", "புன்னையடிக்குச் சிமெண்டு வந்துவிட்டது" என்று நானேதான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அது ஏதோ ஊர்ப்பெயர் மாதிரி வாயில் ஒட்டிக்கொண்டது, ஒரு நாளும் தலையைத் தூக்கி மரத்தைத் தேடவில்லை. முட்டாள்தனத்தில் நான் ஒன்றும் அவனுக்குக் குறைந்தவன் இல்லை.

அன்று மத்தியானம் அவன் வீட்டுக்குப் போனோம். சலாமா வாசலில் கெரோப்போக் மீன் அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தாள். விஷயத்தைக் கேட்டதும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

"ஏங்க, உங்களுக்கு மூளைன்னு ஒண்ணு இருக்கா, அதையும் கடல்ல கக்கிட்டீங்களா? விழுந்த மரத்துக்கு ரம்பம் போட்டதே நீங்கதானே! உங்க அண்ணன் படகுக்கு அடிக்கட்டை எடுத்துக்கிட்டாரு, மிச்சத்தை இழுத்துக்கிட்டு வந்து என்ன பண்ணீங்க?"

ஜூசோ தலையைக் குனிந்தான். குனிந்த இடத்தில் படி இருந்தது. மூன்று படி. சிவப்பும் பழுப்புமாகச் சுருள் சுருளாகக் கோடு ஓடிய கனத்த புன்னைப் பலகை.

"நீங்க கணக்கு எழுதினப்ப எதும்மேல உக்காந்து எழுதினீங்க? சொல்லுங்க! அந்த மரத்தும்மேல உக்காந்துக்கிட்டே அந்த மரம் நிக்குதுன்னு எழுதியிருக்கீங்க!"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. சலாமாவும் சிரித்தாள், பிறகு முக்காட்டுத் துணியால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவள் எதற்காகத் துடைத்தாள் என்று எனக்குத் தெரியும். இந்த வேலை போனால் அவன் மறுபடி படகுதான். ஆனால் ஜூசோ தன் வேலையைப் பற்றிப் பேசவே இல்லை. "என்னால அந்த இருநூத்தி முப்பது மரமும் போயிடும்ண்ணே" என்றுதான் திரும்பத் திரும்பச் சொன்னான். மழிக்கிற இயந்திரம் வந்தால் இரண்டே நாளில் கரை மொட்டையாகிவிடும் என்பது அவனுக்குத் தெரியும். ஒவ்வொன்றையும் தொட்டு எண் போட்டவன் ஆயிற்றே.

நான் ஒரு யோசனை சொன்னேன். சொல்லவே வெட்கமாக இருக்கிறது, இருந்தாலும் சொல்கிறேன். கழிமுகத்துப் பக்கம் ஒரு நடுத்தரப் புன்னை இருந்தது. கிரேன் வைத்துப் பிடுங்கி வந்து வளைவின் நடுவில் நட்டுவிட்டால், முதல் தூண் நடும் நாளுக்கு டத்தோ வந்து பார்த்துவிட்டுப் போகிறவரை இலை வாடாது. அதற்குப் பிறகு செத்தால் சாகட்டும்.

ஜூசோ என்னை நிமிர்ந்து பார்த்தான். "தெரியாம ஒரு பொய் எழுதிட்டேன். தெரிஞ்சே இன்னொண்ணு நட மாட்டேண்ணே. மிஸ்கிட்ட நானே சொல்லிக்கிறேன்."

தூண் நடுவதற்கு இரண்டு நாள் முன்பு மிஸ் கூ வந்தார். கார் கதவு திறப்பதற்குள் ஜூசோ போய் நின்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டிவிட்டான். வீட்டுப் படி உட்பட. மிஸ் கூ காரை விட்டு இறங்கினார். நேரே வளைவின் நடுவுக்குப் போய், நல்ல கால்சட்டையோடு மணலில் உட்கார்ந்துவிட்டார். நாங்கள் இருவரும் வெயிலில் நின்றுகொண்டிருந்தோம்.

"எட்டு மாசம் சண்டை போட்டேன், ஜூசோ. எட்டு மாசம்" என்றார் கடைசியில்.

"தெரியும் மிஸ்."

"உனக்கு ஒண்ணும் தெரியாது. அந்தப் புன்னை இல்லைன்னா எங்கிட்ட அவருக்குக் காட்ட என்ன இருக்கு?"

அவன் அவர் பக்கத்தில் போய்க் குந்தினான். பிறகு, பேசாமல் இருக்க முடியாதவன் அல்லவா, பேச ஆரம்பித்தான். பெரிய கிளை இந்தப் பக்கம் இறங்கும், அதில்தான் வலை காயப் போடுவார்கள். அந்தப் பக்கக் கிளை தண்ணீருக்கு மேல் நீட்டிக்கொண்டு போகும். அதோ அந்தச் சவுக்குகள் எல்லாம் புன்னைக்குப் பயந்து ஒதுங்கி வளர்ந்தவை. அவன் கைகாட்டிய பக்கமெல்லாம் மிஸ் கூ பார்த்துக்கொண்டே வந்தார். பார்த்தவர் சட்டென்று எழுந்து நின்றார்.

உண்மையில் நாங்கள் யாரும் அதுவரை அண்ணாந்து பார்த்திருக்கவில்லை. சுற்றி நின்ற சவுக்கும் வாதுமையும் பெரிய மரத்தின் நிழலிலிருந்து தப்பி வெளிச்சம் தேடி வெளிப்பக்கமாகச் சாய்ந்து வளர்ந்திருந்தன. ஒன்றுகூட நேராக இல்லை. மரம் போய் மூன்று வருஷமாகியும் அது நின்ற இடம் மட்டும் வட்டமாக, கிளை ஒன்றும் நுழையாமல் அப்படியே இருந்தது. உள்ளே காற்று சுழன்று சுழன்று வந்தது. உட்கார்ந்து பார்த்தால் சாய்ந்த மரங்களுக்கு நடுவே கடல்.

"வரைபடத்துல ஒரு கோடுகூட மாத்த வேண்டாம்" என்றார் மிஸ் கூ. "மண்டபம் இப்படியே வளையட்டும். நடுவுல ஒண்ணும் வேண்டாம், கூரையும் வேண்டாம். அவருகிட்ட உள்ளதை உள்ளபடியே சொல்லுவோம். ஒத்துக்கிட்டா ஒத்துக்கட்டும்."

ஒத்துக்கொள்வார் என்று எனக்கு நம்பிக்கையே இல்லை.

தூண் நடும் நாள் வந்தது. புலுட் என்கிற பசையரிசியில் மஞ்சள் சோறு, கறி, தூணின் தலையில் கட்ட மூன்று நிறத் துணி, ஓத வந்த இமாம், எல்லாம் தயார். பத்து மணிக்கு வருவதாகச் சொன்ன டத்தோவைக் காணோம். பத்தரை ஆயிற்று. பதினொன்று ஆயிற்று. மிஸ் கூ நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தார். ஜூசோவையும் காணோம். ஓடிவிட்டான் போலிருக்கிறது என்று நினைத்து நான் பல்லைக் கடித்த நேரத்தில், தோளில் ஒரு கனத்த பலகையோடு வேர்க்க விறுவிறுக்க வந்து சேர்ந்தான். அவன் வீட்டு மேல்படி. வட்டத்தின் நடுவில் இரண்டு கல்லை வைத்து அதன் மேல் பலகையைப் போட்டான். சட்டைப்பையிலிருந்து 231ஆம் வில்லையை எடுத்து, பலகையின் விளிம்பில் வைத்து ஆணி அடித்தான். சலாமா துவைக்கும்போது எடுத்துப் பத்திரமாக வைத்திருந்தாளாம்.

"இப்பவாவது அடிச்சியே" என்றேன்.

அப்போதுதான் கார் வந்தது. டிரைவர் இல்லை, டத்தோவே ஓட்டி வந்திருந்தார். பருத்த மனிதர், சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது, முகம் இஞ்சி தின்றது மாதிரி.

"ஒரு மணி நேரமாச் சுத்தறேன்! என்ன ஊருய்யா இது? எங்க அந்த மரம்?"

 மிஸ் கூ ஓரடி முன்னால் வைத்தார். அதற்குள் ஜூசோ முந்திக்கொண்டான். 

"டத்தோ, மரம் இல்ல. மூணு வருஷம் முன்னாடியே விழுந்துடுச்சு. மரக்கணக்கு எழுதினவன் நான்தான். போய்ப் பாக்காம வீட்டுல உக்காந்து எழுதிட்டேன். மிஸ் மேல தப்பு இல்ல, என்னை அனுப்பிடுங்க. இந்த மரங்க மேலயும் தப்பு இல்ல, இதுங்களை விட்டுடுங்க. இதுதான் அந்தப் புன்னை. உக்காருங்க."

டத்தோ பலகையைப் பார்த்தார். வில்லையைப் பார்த்தார். சுற்றிய களைப்போ என்னவோ, தொப்பென்று உட்கார்ந்தார். உட்கார்ந்து கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே கடலைப் பார்த்தார்.  திடீரென்று அவருடைய வயிறு குலுங்கியது. அழுகிறாரோ என்று பயந்துவிட்டேன். மனுஷன் சிரிக்கிறார்!

"கோப்பிக்கடையில வழி கேட்டேன். நேராப் போய் புன்னையடியில இடது பக்கம் திரும்புங்கன்னான். புன்னையைத் தேடிக்கிட்டே கழிமுகம் வரைக்கும் போயிட்டேன். வலை கட்டிக்கிட்டிருந்த ஆளு, 'புன்னையைத் தாண்டி வந்துட்டீங்களே'ன்னான். திரும்பி வந்தேன். பள்ளிவாசல்கிட்ட ஒருத்தர், 'இந்தா, கண்ணு முன்னாடி புன்னையடி'ங்கிறாரு. என் கண்ணு முன்னாடி ஒரு மண்ணும் இல்ல! கடைசியா ஒரு பொம்பள, கெரோப்போக் பொரிச்சிக்கிட்டிருந்தா. இவளாவது புத்தியாச் சொல்லுவான்னு நின்னேன். 'அவ்வளவு பெரிய மரம் உங்க கண்ணுக்குத் தெரியலையா'ன்னு என்னையே திட்டறா!"

ஜூசோவின் முகம் மலர்ந்தது. "நீல முக்காடா டத்தோ?"

"ஆமா."

"அடியம்மா! என் பொண்டாட்டி!"

பன்னிரண்டு நாளாக அவனை உட்காரவிடாமல் திட்டித் தீர்த்தவள் அவள்தான். நாங்கள் எல்லாரும் சிரித்தோம், இமாம் உட்பட. மிஸ் கூ சிரித்துக்கொண்டே அழுதார். டத்தோ எழுந்து, சாய்ந்து நின்ற மரங்களை ஒரு சுற்றுப் பார்த்தார்.

"ஏழு மாடி கட்டினாலும் இந்த ஊர்க்காரங்க புன்னையடின்னுதான் சொல்லித் தொலைப்பாங்க. என் ஓட்டல் பேரை எவன் சொல்லப் போறான்?" என்று தனக்குத்தானே சொல்வது போலச் சொன்னார். பிறகு மிஸ் கூவிடம், "கட்டும்மா. நீ வரைஞ்சபடியே கட்டு" என்றார். ஜூசோவிடம் திரும்பினார். "நீ எங்கயும் போக வேண்டாம். ஆனா மரம் பூரா மறுபடி எண்ணணும். பாத்து இல்ல. கையால தொட்டு."

ஜூசோ தொட்டு எண்ணினான். மூன்று நாள் ஆனது. மிச்சம் இருநூற்று முப்பதும் நின்ற இடத்திலேயே இருந்தன.

ஓட்டல் வந்தது. தாழ்ந்த ஓலைக்கூரைகள், மரத்துக்கு மரம் ஒதுங்கிய வீடுகள், கடலிலிருந்து பார்த்தால் ஒன்றுமே கட்டாத கரை போலத்தான் தெரியும். எந்தெந்த நாட்டிலிருந்தோ பணக்காரர்கள் வருகிறார்கள், மண்டபத்தின் நடு வட்டத்தில் அந்தப் பலகையில் உட்கார்ந்து இளநீர் குடிக்கிறார்கள். சலாமாவுக்கு மிஸ் கூ சொல்லி செங்கால் என்கிற நல்ல கடின மரத்தில் புதுப் படி போட்டுக் கொடுத்தோம். "அது கிறீச்சுனுகூட சத்தம் போடாது, இது மிதிச்சா ஊருக்கே கேக்குது" என்று இன்னும் குறை சொல்லிக்கொண்டிருக்கிறாள். ஜூசோ ஓட்டலின் மரங்களுக்குப் பொறுப்பாளன் ஆனான். பென்சில் அதே காதில். இந்த இருபத்தைந்து வருஷத்தில் அவன் படகில் ஏறி நான் பார்க்கவில்லை. ஏறச் சொன்னால் கெட்ட கோபம் வருகிறது.

இதில் ஒரு சிக்கல் மட்டும் தீரவில்லை. அனுமதி வாங்கிய வரைபடத்தில் மரங்கள் 231. ஒன்றுகூடக் குறையக் கூடாது என்று மிஸ் கூவே கேட்டு எழுதி வாங்கிய நிபந்தனை. விழுகிற மரத்துக்கு ஜூசோ அதே எண்ணில் இன்னொன்று வைத்துவிடுவான், அதில் தவறியதே இல்லை. ஆனாலும் வருஷத்துக்கு ஒரு முறை சரிபார்க்கிற அதிகாரி வருவார், பெரும்பாலும் புது ஆள். கரை முழுக்க வெயிலில் நடந்து எண்ணிவிட்டு, களைத்துப் போய் நடு வட்டத்தில் வந்து உட்காருவார்.

"ஜூசோ, இருநூத்தி முப்பதுதானே இருக்கு. ஒண்ணு குறையுதே?"

"குறையாதுங்க. கொஞ்சம் எந்திரிங்க."

அவர் எழுந்திருப்பார். ஜூசோ அவர் உட்கார்ந்திருந்த பலகையைக் கையால் தொட்டு, விளிம்பிலிருக்கிற வில்லையைக் கட்டைவிரலால் துடைத்துவிட்டு, "இருநூத்தி முப்பத்தொண்ணு, எழுதிக்குங்க" என்பான்.